ஊசி பெண்ணுக்கு மட்டும்

எங்கள் அதிகாரசபையில் வன்முறைக்கு இடமில்லை. வாசல் சுவரில் மூன்று மொழிகளிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அந்தச் சுவருக்கு உட்புறம், காலை எட்டரைக்கும் பன்னிரண்டுக்கும் இடையில், கலாராணி ஆயிரம் பெண்களின் வயிற்றில் ஊசி குத்துவாள். அவர்களில் தொள்ளாயிரம் பேர் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே செத்துப்போவார்கள்.

பயப்பட வேண்டாம், குளவிகளைச் சொல்கிறேன். எறும்பளவு குளவிகள். ஆட்களைக் கொட்டாதவை.

மலைநாட்டு நன்மைக் குளவிகள் அபிவிருத்தி அதிகாரசபை என்பது எங்கள் முழுப்பெயர். கண்டியிலிருந்து ஹேவாஹெட்டவுக்குப் போகும் பாதையில், மூடிப்போன தேயிலை பெக்டரி ஒன்றில் இருக்கிறோம். சனங்கள் குளவி ஆபீஸ் என்பார்கள். நான் அங்கே சாரதி, பெயர் கணேஸ். பதினொரு வருடமாக வேன் ஓட்டுகிறேன். எனக்குத் தெரிந்த விஞ்ஞானம் முழுவதும் பின் சீட்டில் பேசியதைக் கேட்டு வந்ததுதான்.

அந்த விஞ்ஞானம் இவ்வளவுதான். தேயிலை இலையைச் சுருட்டித் தின்னும் புழு ஒன்று உண்டு. எங்கள் பெண் குளவி அந்தப் புழுவைத் துளைத்து உள்ளே முட்டையிடும். குஞ்சு உள்ளேயே பொரித்து, புழுவை உயிரோடு வைத்துக்கொண்டே தின்று, கடைசியில் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். தோட்டத்துக்கு நன்மை. ஆனால் தோட்டத்தில் மருந்தடித்தால் புழுவோடு குளவியும் சாகிறது. ஆகவே மருந்தைத் தாங்கும் மரபணு ஒன்றைக் குளவிக்குள் ஏற்ற வேண்டும். முட்டைக்கு ஏற்ற வழியில்லை, அது புழுவின் வயிற்றுக்குள் கிடக்கிறது. எனவே முட்டையிட முன்பே தாயின் வயிற்றில் ஏற்றிவிடுவது. தாய்க்குக் குத்தினால் பிள்ளைக்குப் போய்ச் சேரும் என்பது எங்கள் அதிகாரசபையின் வேதவாக்கு.

ஆணுக்கு ஊசி கிடையாது. தரம் பிரிக்கும்போது ஆண் குளவி அகப்பட்டால், பதிவேட்டில் 'ஆண். பயனில்லை' என்று எழுதிவிட்டுக் கூட்டித் தள்ள வேண்டும்.

தலைமுடியிலும் மெல்லிய கண்ணாடி ஊசியைக் குளவி வயிற்றின் இரண்டு வளையங்களுக்கு நடுவே இறக்கி, காலால் பெடலை மிதித்து மரபணுக் கரைசலை ஏற்றுவதற்குப் பட்டம் பெற்ற நான்கு பேர் முயன்று பார்த்தார்கள். குளவியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் குத்தினார்கள். பத்து வருடம் கொழுந்து எடுத்த கலாராணியின் விரலுக்குத்தான் அது வசப்பட்டது. நிமிடத்துக்கு ஏழு. ஆனால் ஊசி குத்துகிறவர் என்று ஒரு பதவி எங்களிடம் இல்லை. காலியாக இருந்தது துப்புரவுத் தொழிலாளி பதவி ஒன்றுதான். அதனால் அவள் துப்புரவுத் தொழிலாளி. வெளியாட்கள் வந்தால் பணிப்பாளர் கலாநிதி சண்முகநாதன் ஊசிக் கதிரையில் உட்காருவார். கலாராணி பக்கத்தில் விளக்குமாற்றோடு நிற்பாள்.

அவளுடைய தங்கை பிரேமிளா வேலிக்கு அந்தப் பக்கம், தோட்டத்தின் ஒன்பதாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்தாள். புருஷன் அதே தோட்டத்தில் மருந்தடிப்பவன். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருநாள் என்னிடம் கேட்டாள். "குளவிக்கு மருந்து தாங்குறதுக்கு ஊசி போடுறீங்களாமே கணேஸ் அண்ணே. எங்க வீட்டுக்காரருக்கு மூக்குல கட்ட ஒரு துணி குடுக்கச் சொல்லுங்களேன்." அது எங்கள் அதிகாரசபையின் பணியெல்லைக்குள் வராது என்று சொன்னேன். எனக்கும் அந்தப் பாஷை பழகிப் போயிருந்தது.

மாசி மாதம் அந்தக் கூடு வந்தது. எங்கள் வேலிக்குள் நின்ற டர்பன்டைன் மரத்தில், ஒன்பதாம் நம்பர் மலைக்கு நேர் மேலே தொங்கியது. இது ஆட்களைக் கொட்டும் பெரிய குளவி. முதலில் கண்டவர் கறுப்பையா கங்காணி. தோட்டத்து ஆபீசில் சொன்னார். மரம் குளவி ஆபீசின் மரம், அங்கே போய்ச் சொல் என்றார்கள். கங்காணி கலாராணியிடம் சொன்னார். கலாராணி பணிப்பாளரின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். அன்றைய வேன் விஷயமாக நானும் அங்கே நின்றேன்.

"சார், அந்தக் கூட்ட எறக்கணும் சார். பெரிய குளவி. கீழ பொம்பளைங்க கொழுந்து எடுக்குறாங்க. என் தங்கச்சி முழுகாம இருக்கா."

"இஞ்ச பாரும் பிள்ளை," என்றார் சண்முகநாதன். "சட்டத்தின்ர நாலாம் பிரிவில குளவி எண்டா என்ன எண்டு தெளிவா எழுதிக் கிடக்கு. அது புழுவுக்குள்ள முட்டை இடோணும். உது இடுதோ?"

"அது ஆளக் கொட்டும் சார்."

"பாத்தீரோ. அப்ப உது எங்கட குளவி இல்லை."

"அப்ப நாங்களே கொளுத்திருவோம் சார். பொழுது சாய ரெண்டு பேர் பந்தம் புடிச்சா போதும்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "கொளுத்திறதோ? இது அகிம்சை ஸ்தாபனம் பிள்ளை. இஞ்ச நாங்கள் ஒரு பூச்சிக்கும் தீங்கு நினைக்கிறேல்லை." கலாராணியின் கையிலிருந்த குப்பை அள்ளியில் அன்றைய தொள்ளாயிரம் பிணங்கள் கிடந்தன.

எங்கள் நிர்வாக உத்தியோகத்தர் அஸீம், மடவளைக்காரர்; 'இருக்கு' என்பதை 'ஈக்கி' என்பார். மனசால் நல்ல மனிதர், கையால் பதிவேட்டுக்காரர். அவர் இன்னொரு சிக்கலைக் கண்டுபிடித்தார். "அந்த மரம் நாப்பத்தி மூணாம் நம்பர்ல புத்தகத்துல ஈக்கி சார். அப்ப மரத்துல தொங்குற கூடும் அரசாங்கச் சாமான்தான். அரசாங்கச் சாமானக் கொளுத்த ஏலா. சபை கூடித்தான் கழிக்கணும்."

எல்லா அரச அலுவலகத்திலும் இது உண்டு. வருடத்தில் ஒரு நாள் மூன்று பேர் உட்கார்ந்து, கால் உடைந்த கதிரை, ஓடாத மணிக்கூடு, பூட்டுப் போன அலுமாரி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, கழிக்கலாம் என்று கையெழுத்து வைப்பார்கள். சபை பார்க்காத சாமானைத் தொடக்கூடாது. கழிப்பதற்கு முன் அதைப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றினால் நம்பர் போட வேண்டும். நம்பரைச் சாமானின் மேலேயே எழுத வேண்டும், பக்கத்தில் எழுதினால் செல்லாது.

அஸீம் ஏணியும் வெள்ளைப் பெயின்ட் டின்னும் எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறினார். 1187 என்று எழுத வேண்டும். முதல் இரண்டு ஒன்றையும் எழுதினார். பிறகு ஏணியின் உதவி இல்லாமலே கீழே வந்தார். இடது கண் மூன்று வாரம் திறக்கவில்லை, அதற்குப் பிறகும் பாதிதான் திறந்தது. ஆனால் புத்தகத்தில் 'நம்பர் இடப்பட்டது' என்று எழுதியாகிவிட்டது. கூடு அன்றிலிருந்து சட்டப்படி எங்களுடையது.

நான்கு மாதம் போனது. கலாராணி ஏழு கடிதம் கொடுத்தாள். ஏழுக்கும் கிடைத்தது என்று பதில் வந்தது. கூடு கொழுந்துக் கூடை அளவுக்குப் பெருத்தது. பிரேமிளாவின் வயிறும் ஏழு மாதத்துக்குப் பெருத்தது. அவள் குனிந்து கொழுந்து எடுக்கும்போதெல்லாம் கலாராணி ஊசியை நிறுத்திவிட்டு ஜன்னலால் பார்ப்பாள். அந்த நாட்களில் அவள் கையால் செத்தவை ஆயிரத்துக்கு ஆயிரம்.

கடைசியில் சபைக்கு நாள் குறித்தார்கள். வியாழக்கிழமை காலை பத்து மணி. கலாராணி ஓடிப்போய்ப் பணிப்பாளரிடம் கெஞ்சினாள்.

"பத்து மணிக்கு மலையில ஆள் இருக்கும் சார். பொழுது சாஞ்சு செய்யச் சொல்லுங்க. குளவி கூட்டுக்குள்ள அடங்கிரும்."

"நாலேகாலுக்குப் பிறகு அலுவலகம் இல்லைப் பிள்ளை. மேலதிக நேரத்துக்குக் கொழும்பில அனுமதி எடுக்கோணும்."

"கூடு மரத்துலதானே இருக்கு. நீங்க போய்ப் பாத்துட்டு அங்கேயே கையெழுத்து வச்சிரலாமே சார்?"

சண்முகநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பது வருஷச் சேவை எனக்கு. சபை சாமானிட்டப் போறேல்லை. சாமான்தான் சபைக்கு முன்னால வரோணும். அந்தக் கதிரையள், மணிக்கூடு எல்லாம் வந்ததுதானே? இதுக்கு மட்டும் என்ன மரியாதை?"

தோட்டத்துக்கு அறிவித்தல் அனுப்பத்தான் செய்தார்கள். வேலியிலிருந்து ஐம்பது அடி தூரத்திலுள்ள அந்த ஆபீசுக்குக் கடிதம் பதிவுத் தபாலில் கண்டிக்குப் போய்த் திரும்பி, அடுத்த திங்கட்கிழமை வந்து சேர்ந்தது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஊசி அறையில் மேசைக்குத் துணி விரித்துச் சபை உட்கார்ந்தது. பணிப்பாளர், அஸீம், கண்டியிலிருந்து வந்த மூன்றாமவர் ஒருவர். நடுவே கூட்டை வைக்க ஒரு தாம்பாளம். வெளியே மழைக்கோட்டும் ஹெல்மெட்டும் போட்ட இரண்டு பேர், நீளத் தடியில் கட்டிய வாளால் கிளையை அறுத்தார்கள். கூட்டைப் பிடிக்க ஸ்டோரில் இருந்து எடுத்துக் கொடுத்தது கணினி வந்த அட்டைப் பெட்டி ஒன்று.

கூடு பெட்டிக்குள் விழவில்லை. கிளையில் மோதி, வேலி முள்ளுக்கம்பியில் விழுந்து இரண்டாகப் பிளந்தது. பாதி எங்கள் பக்கம், பாதி ஒன்பதாம் நம்பர் மலைப் பக்கம்.

முதலில் சத்தம்தான் வந்தது. பிறகு பெண்கள் கூடையை எறிந்துவிட்டு ஓடினார்கள். தலையில் அடித்துக்கொண்டு ஓடினார்கள், தேயிலை அடிக்கட்டைகளில் இடறி விழுந்தார்கள், விழுந்தவர்களின் முகம் தெரியாமல் மொய்த்துவிட்டது. பிரேமிளாவால் ஓட முடியவில்லை. வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நிரைக்குள் உட்கார்ந்துவிட்டாள். கறுப்பையா கங்காணி மேட்டிலிருந்து இறங்கி ஓடிவந்தார். தன் கம்பளியைக் கழற்றி அவள்மேல் போட்டார். அது அவள் முதுகையும் தலையையும் மட்டும்தான் மூடியது. மிச்சத்தை அவர் தன் உடம்பால் மூடிக்கொண்டார். மேலே சட்டைகூட இல்லாத அறுபத்தொரு வயது மனிதர். ஒரு தடவைகூட எழும்பவில்லை.

கலாராணி விளக்குமாற்றோடு வெளியே பாய்ந்தாள். நான் வேன் கதவைத் திறந்தேன். அந்த நேரம் கட்டடத்துக்குள்ளிருந்து பணிப்பாளரின் குரல் கேட்டது. "கதவைச் சாத்துங்கோ! கெதியாச் சாத்துங்கோ! உள்ளுக்கை எங்கட பிள்ளையள் கிடக்கு!" அவர் சொன்னது கண்ணாடிப் போத்தல்களில் இருந்த சின்னக் குளவிகளை.

கம்பி வேலிக்கு அடியால் இரண்டு பேரையும் இழுத்தெடுத்து வேனில் ஏற்றினோம். கேற் பூட்டியிருந்தது. வேன் போய்வருவதை எழுதும் ரன்னிங் சார்ட்டில் பணிப்பாளர் கையெழுத்து இல்லாமல் காவலாளி திறக்கமாட்டான். அவர்கள் உள்ளே சாத்திக்கொண்ட கதவில் நான் போய் அடித்தேன்.

"என்ன நோக்கம் எண்டு போடப்போறீர் கணேஸ்?" என்று உள்ளிருந்து கேட்டார். "எங்கட வேனுக்கு அனுமதி குளவி கொண்டுபோறதுக்கு மட்டும்தான். நாளைக்குக் கணக்குப் பாக்க வாற ஓடிட்டில என்னைத்தான் கேப்பினம்."

நான் 'பெண் குளவி ஒன்று' என்று எழுதி, கதவுக்கு அடியால் தாளைத் தள்ளினேன். கையெழுத்தோடு திரும்பி வந்தது. எல்லாமாக ஆறு நிமிடம். கண்டிப் பாதையில் தலாத்துஓயாவைத் தாண்டும்போது கறுப்பையாவின் மூச்சு நின்றது. அந்த ஆறு நிமிடத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை, என்னையும் சேர்த்து.

பிரேமிளாவின் உடம்பில் அறுபத்திரண்டு கொட்டு. மறுநாள் கண்டி ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை, ஒன்றே கால் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைப்பார்கள் என்று டாக்டர் சொன்னபோது நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதேன்.

மூன்றாம் நாள் சண்முகநாதன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடும் ஒரு ஐஸ் பெட்டியோடும் வந்தார். பழம் பிரேமிளாவுக்கு.

"நீர் விஞ்ஞானத்துக்குப் பெரிய சேவை செய்திருக்கிறீர் பிள்ளை," என்று தொடங்கினார். "நாங்கள் ஒரு பெண்ணுக்கு ஒருக்காத்தான் குத்துறனாங்கள். உமக்கு அறுபத்திரண்டு! அந்தக் கூடு எங்கட வேலிக்குள்ள தொங்கினது. எங்கட மரபணு எப்பிடியோ அதுகளுக்குள்ள போயிருக்கலாம். அதுகள் உமக்குக் குத்தியிருக்கு. தாய்க்குக் குத்தினா பிள்ளைக்குப் போகும். இந்தப் பிள்ளை மருந்தைத் தாங்கிற முதல் பிள்ளையா இருக்கக்கூடும். குளவியில எங்களுக்கு ஒம்பது வருஷமா வராதது!"

பிரேமிளாவின் உதடு வீங்கிப் பேச்சு வராமல் இருந்தது. மெல்லக் கேட்டாள். "தாங்குமான்னு எப்புடி சார் பாப்பீங்க?"

"மருந்தடிச்சுத்தான் பாக்கோணும். பயப்பிடாதையும், சின்ன அளவு."

கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற கலாராணி ஐஸ் பெட்டியைக் காலால் தள்ளிவைத்தாள். அவர் அவள் பக்கம் திரும்பினார். "முதலில பிள்ளையின்ர குதிக்காலில ஒரு சொட்டு ரத்தம். அந்த மெல்லிய ஊசி உம்மட கைக்குத்தான் சரி. பிள்ளையைப் பரிசோதிக்க விண்ணப்பம் எழுதியாச்சு, என்ர ஒப்பம் மட்டும்தான் மிச்சம். திங்கட்கிழமை கொழும்பில இருந்து செயலாளர் வாறார், அவருக்கு முன்னால அறிவிக்கோணும்."

"கறுப்பையா கங்காணிக்கு என்னா சார் எழுதுனீங்க?" என்று கலாராணி கேட்டாள்.

"அவர் ஆண் பிள்ளை. எங்கட முறையில ஆண்களைப் பதியிறேல்லை."

திங்கட்கிழமை செயலாளர் வந்தார். வெற்றிலை கொடுத்து, விளக்கேற்றி, ஊசி அறைக்கு அழைத்துப் போனார்கள். சண்முகநாதன் ஊசிக் கதிரையில் உட்கார்ந்தார். கலாராணி விளக்குமாற்றோடு பக்கத்தில் நின்றாள். தட்டில் ஏழு கண்ணாடி ஊசிகள் கரைசல் நிரப்பி வரிசையாகக் கிடந்தன.

"போன வருஷம் மட்டும் ரெண்டு லட்சம் பெண்களுக்கு ஏத்தியிருக்கிறம்," என்றார் பணிப்பாளர். "ஒருத்தியும் முறைப்பாடு செய்யேல்லை. எங்கட முறையில வலியே இல்லை. செத்துப்போறதுகள்கூட அமைதியாத்தான் போகுதுகள். போன வியாழக்கிழமை ஒரு சின்னச் சலசலப்பு நடந்தது. விசாரிச்சுப் பாத்திட்டம். அந்தப் பெண்கள் தேவையில்லாமல் ஓடி அரச உடைமையைக் குழப்பியிருக்கினம். சாமான் முழுசா மேசைக்கு வராததால சபையால அதைக் கழிக்க முடியேல்லை. புத்தகத்தின்படி கூடு இன்னும் மரத்திலதான் தொங்குது."

செயலாளர் தலையாட்டினார். ஊசி குத்துவதை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றார். பணிப்பாளர் குரலைத் தாழ்த்தினார். "கலாராணி, ஒண்டைப் பிடிச்சுக் குத்திக் காட்டும். நான் விளக்கிறன்."

"நான் துப்பரவு சார். எனக்கு எங்க ஊசி தெரியும்?"

வேறு வழியில்லாமல் அவர் ஊசியை எடுத்தார். இரண்டு தடவை குறிபார்த்தார். குளவி பறந்தது. கலாராணி விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். "நான் புடிக்கிறேன் சார்" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். பிடித்தது குளவியை அல்ல. அவருடைய கையை. பத்து வருடம் கொழுந்து கிள்ளிய பிடி. குளவிகளை மயங்கவைக்கும் பனித்தட்டில் உள்ளங்கையை அழுத்தினாள். காவலாளி உள்ளே ஓடிவரப் பார்த்தான். கதவைச் சாத்தியது நான்தான்.

முதல் ஊசி பெருவிரல் நகத்துக்கு அடியில் இறங்கியது. பெடலை மிதித்தாள். கண்ணாடி உள்ளேயே முறிந்தது. "ஐயோ! என்ர அம்மா!" என்று அவர் கத்தினார். இரண்டு, மூன்று. தட்டு சிவந்தது. செயலாளர் கைதட்டினார். இதுவும் நிகழ்ச்சிநிரலில் உள்ளது என்று நினைத்திருக்க வேண்டும்.

"வலிக்குதா சார்?" நான்கு, ஐந்து.

"வலிக்குது! விடு! விடு பிள்ளை!"

"பிள்ளைக்கும் வலிக்கும் சார்." ஆறு. "அந்த விண்ணப்பம்?"

அதை மேசையில் விரித்து வைத்தது அஸீம். பாதி திறந்த கண்ணோடு பேனையை அவருடைய மற்றக் கையில் திணித்தார். "நிராகரிக்கப்பட்டதுன்னு எழுதுங்க சார். கையெழுத்துக்குக் கீழ திகதியும் போடுங்க. இல்லாட்டி செல்லுபடியாகாது." சண்முகநாதன் எழுதினார். முப்பது வருடச் சேவையில் அவர் இத்தனை விரைவாகக் கையெழுத்து வைத்து நான் பார்த்ததில்லை.

ஒரு ஊசி மிச்சம் இருந்தது. "இது கறுப்பையா கங்காணிக்கு," என்று கலாராணி அதையும் இறக்கினாள். பிறகு கையை விட்டாள். அவர் கதிரையோடு சரிந்து தரையில் விழுந்தார். ஒரு நிமிடம் ஆகியிருந்தது.

அவள் பதிவேட்டை எடுத்து, அன்றைய பக்கத்தில் எழுதினாள். ஊசி ஏழு. முறைப்பாடு செய்தது. ஆண். பயனில்லை.

ஒவ்வொரு பதிவுக்கும் சாட்சிக் கையெழுத்து வேண்டும். அஸீம் வைத்தார். வைத்துவிட்டுப் பக்கத்தை வியாழக்கிழமைக்குத் திருப்பினார். "இங்கயும் ஒரு வரி எழுத ஈக்கி கலாராணி," என்றார்.

அந்தப் பக்கத்தில் ஆணுக்குக் கோடு போட்ட இடம் இல்லை. அவள் ஓரத்தில் எழுதினாள். கறுப்பையா. ஆண். இரண்டு பேரைப் பிழைக்கவைத்தார்.

வெளியே கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பொலிசுக்குச் சொல்லியாகிவிட்டது என்று யாரோ கத்தினார்கள். கலாராணி சுவரில் சாத்தியிருந்த விளக்குமாற்றை எடுத்து, தரையில் கிடந்த கண்ணாடித் துண்டுகளை ஒன்றுவிடாமல் கூட்டி அள்ளினாள். அவளுடைய பதவி அதுதான்.